குழாய் இல்லாத பாட்டுப் பெட்டி

மாப்பிள்ளை யாராக இருக்கலாம் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கல்யாண விருந்துக்குப் பாட்டுப் பெட்டி கொண்டுவருகிற ஆளை மட்டும் என்னைப் பொறுக்கச் சொன்னார்கள். அந்த ஒரு காரியத்தை நான் எவ்வளவு பொறுப்பாகச் செய்தேன், அதனால் என்ன வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதினால் மனசு ஆறும் என்கிறாள் என் மகள். ஆறும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் இதைத் தெரிந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.

அப்போது இரண்டாம் உலகச் சண்டைக்காலம். கொல்லிமலையில் பைல் நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. அப்பாவுக்கு மிளகுக் கொடிகளும் மரவள்ளிக் காடும் கொஞ்சம் சாமை விளைகிற மேட்டு நிலமும் இருந்தன. மலைக்கு ரோடு கிடையாது. மிளகோ பலாப்பழமோ, தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போக வேண்டும். உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு அதே பாதையில் ஏறி வர வேண்டும். என் அம்மாவின் தம்பி அடிவாரத்தில் குத்தகைக்கு நிலம் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் மூன்று வருஷம் அந்த மாமா வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போனேன். எங்கள் ஊரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே பெண் நான். அது பெருமையா தொந்தரவா என்று யாருக்கும் அப்போது தெரியாது.

மாப்பிள்ளை வீடு இரண்டு மேடு தாண்டி வேறு நாட்டில் இருந்தது. அரை நாள் நடை. அவர் சில வருஷம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கையில் கடிகாரம் கட்டியிருந்தார். தோட்டத்தில் ஏதோ ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் பாட்டுப் பெட்டி, அதாவது கிராமபோன், பாடியதைக் கேட்டிருக்கிறார். பெண்ணுக்குக் கொடுக்கிற பரியப் பணம் பேச வந்த அன்று அவருடைய அப்பா, பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போதுதான் அதைச் சொன்னார்.

"சோறு எங்களுதுங்க. மேளம் எங்களுது. மத்தியான விருந்துக்குப் பாட்டுப் பெட்டி மட்டும் நீங்க கொண்டாந்துருங்க. என்ற பையன் நெம்ப ஆசப்படறான்."

அப்பா தலையை ஆட்டினார். பாட்டுப் பெட்டி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சம்பந்தியிடம் சொல்லக் கூச்சம். அவர்கள் போன பிறகு அடுப்பங்கரைக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"எனக்கு அது கறுப்பா செவப்பான்னு தெரியாது சாமி. நீதான் எழுத்துப் படிச்சிருக்கே. நீயே பாத்துப் பொறுக்கிக்கோ. உன்ற கல்யாணம்தானே."

உன்ற கல்யாணம்தானே என்று சொன்னது அது ஒரு தடவைதான். மாப்பிள்ளையின் முகத்தை அதுவரை ஒரு தடவை, அதுவும் பக்கவாட்டில்தான் பார்த்திருந்தேன். அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கலாம் என்று எனக்கே தோன்றியிருக்கவில்லை. பாட்டுப் பெட்டியைப் பற்றிக் கருத்து இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த சந்தைக்கு அப்பாவும் நானும் இறங்கினோம். மாமா சந்தையில் வந்து சேர்ந்துகொண்டார். பேளுக்குறிச்சியில் கல்யாணங்களுக்குப் பாட்டுப் பெட்டி கொண்டுபோகிறவர்கள் இரண்டு பேர் இருப்பதாக மாமா விசாரித்து வைத்திருந்தார்.

முதல் ஆள் சந்தை முகப்பிலேயே இருந்தார். ஒரு வண்டியின் மேல் பெட்டியை வைத்து, அதன் தலையில் ஊமத்தம்பூ மாதிரி விரிந்த பித்தளைக் குழாயை மாட்டியிருந்தார். அந்தக் குழாய்க்குள் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம். வெயில் பட்டு அது தகதகவென்று மின்னியது. சுற்றிலும் கூட்டம். பாட்டு சத்தமாகத்தான் வந்தது. ஆனால் சொல் ஒன்றும் விளங்கவில்லை. இரும்பைச் சாணையில் பிடித்த மாதிரி ஒரு கரகரப்பு எல்லாவற்றையும் மூடியது. அவர் சென்ட் பூசியிருந்தார். நான் கேட்டதற்கெல்லாம் மாமாவைப் பார்த்தே பதில் சொன்னார்.

"என்ன பாட்டெல்லாம் வெச்சிருக்கீங்க?" என்று நான் கேட்டேன்.

"எல்லாம் இருக்குதுங்க," என்று மாமாவிடம் சொன்னார். "என்ற குழாய் பாடுனா அடுத்த மலைக்குக் கேக்கும். பொண்ணு ஊட்டுக்காரங்க எப்படி நடத்துனாங்கன்னு நாடு பூராப் பேசும்."

"தட்டுகளப் பாக்கலாமுங்களா?"

"தட்டப் பாத்து என்னங்க ஆவுது? சத்தத்தக் கேளுங்க."

மாமாவுக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பா குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருவரையும் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

இரண்டாமவர் துணிக்கடைக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார். அப்பாவின் வயது இருக்கும். மெலிந்த ஆள். பேச்சுக்கு நடுவே அடிக்கடி இருமினார். பெட்டியில் குழாயே இல்லை. மூடியைத் திறந்தால் பாட்டு பெட்டிக்குள்ளிருந்தே வந்தது. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பாட்டைப் போடுவதற்கு முன்னால் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எத்தன பேரு வருவாங்க? விருந்து உள்ள நடக்குதா வாசல்லயா? மேளக்காரங்க எப்ப நிறுத்துவாங்க? அவங்க வாசிக்கறப்ப நான் பெட்டியத் தொறக்கமாட்டேனுங்க. அது மருவாதி இல்ல. பெரியவங்க எத்தன பேரு? இதுக்கு முன்ன பாட்டுப் பெட்டி பாத்தவங்க யாராச்சும் இருக்கறாங்களா?"

அப்பா திணறினார். நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். அவர் மாமாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கருவேல முள்ளை எடுத்துச் சின்னக் கத்தியால் முனை சீவி, பெட்டியின் கையில் பொருத்தினார்.

"சண்ட வந்ததுல இருந்து இரும்பு முள்ளுக் கெடைக்கறதில்லீங்க. கெடைக்கறவங்க ஒரே முள்ளத் தேயத் தேய ஓட்டறாங்க. தட்டு கெட்டுப் போயிரும். இந்த முள்ளு சத்தங் கொஞ்சம் கம்மி. ஆனா பாடறவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கும்."

கேட்டது. ஒரு பெண் முருகனைப் பற்றிப் பாடினாள். அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அந்தச் சின்ன அறையில் எங்களோடு யாரோ ஒருத்தி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அப்பா குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் பெட்டிக்காரர் என்னிடம் கேட்டார். "எந்தப் பாட்டு வேண்டாம், கண்ணு?"

எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. எது வேண்டாம் என்று என்னை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பாட்டை மட்டும் சொல்லவில்லை. எதிலுமே கேட்டதில்லை.

"அழுவற பாட்டு வேண்டாங்க," என்றேன்.

அவர் சிரித்தார். தகரப் பெட்டியிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைத்தார். நடுவில் ஒட்டியிருந்த தாளை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். சாமி பாட்டு, நாடகப் பாட்டு, இரண்டு பேர் சண்டை போட்டுச் சிரிக்க வைக்கிற தட்டு ஒன்று. வேண்டியது ஒரு பக்கம், வேண்டாதது ஒரு பக்கம் என்று பிரித்தோம். சுடுகாட்டில் பெண்டாட்டியை வெட்டப் போகிற ராஜா பாடுகிற நாடகப் பாட்டு ஒன்று இருந்தது. அதை நானே எடுத்து வேண்டாத பக்கம் வைத்தேன். எது முதலில், எது அப்புறம் என்று அவர் மூடியின் உட்பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மாமா வெளியே போய்விட்டார்.

திரும்பி வரும்போது மாமா சொன்னார். "கண்ணு, உனக்குப் புடிச்சிருக்குது, செரி. ஆனா சம்பந்தி ஊட்டுல குழாயத்தான் எதிர்பாப்பாங்க. குழாயில்லாத பெட்டியப் பாத்தா இது என்ன வெத்தலப் பெட்டியான்னு கேப்பாங்க."

"நல்லாக் கேக்குதே மாமா."

"கேக்கறதுக்கா கொண்டுபோறோம்?"

மாமா சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. பிடிவாதமாக இருந்தேன். அப்பா என் பக்கம் நின்றார். "அந்தப் புள்ளகிட்டத்தான் வுட்டாச்சே," என்றார். மெலிந்த ஆளுக்கே வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டு மலை ஏறினோம். வழியெல்லாம் நான் பாட்டு வரிசையை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெட்டிக்காரர் மலை ஏறினார். அப்பா அனுப்பிய ஆட்கள் இரண்டு பேர் பெட்டியையும் தட்டுகள் வைத்த தகரப் பெட்டியையும் தலையில் கொண்டுவந்தார்கள். ஏற்றத்தில் நாலு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கித்தான் அவர் வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

காலையில் மேளத்தோடு தாலி ஏறியது. மத்தியானம் மாப்பிள்ளை வீட்டு வாசலில் விருந்து. சண்டைக்காலத்திலும் நெல்லுச் சோறு போட்டார்கள். ஆட்டுக்கறியும் பலாக்கொட்டைக் குழம்பும் இருந்தன. கூட்டம் நிறைய. என்னையும் மாப்பிள்ளையையும் பந்தலில் ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். மேளக்காரர்கள் சாப்பிட எழுந்த பிறகு, பாட்டுப் பெட்டிக்காரர் கவிழ்த்துப் போட்ட உரலின் மேல் கம்பளியை விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்து மூடியைத் திறந்தார்.

முதல் பாட்டுக்கு வாசல் முழுக்க அடங்கிப் போனது. சோறு பரிமாறியவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு கிழவி எழுந்துபோய்ப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "எங்கீங்க இருக்கறா அந்தப் புள்ள? சோறு சாப்புட்டாளா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது, மூன்றாவது. நாலாவது சிரிப்புத் தட்டு. நாங்கள் போட்ட வரிசைப்படியே போனது. எப்போது நிறுத்தி முள் சீவ வேண்டும், எப்போது கூட்டம் பேசட்டும் என்று விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. குனிந்த தலையை நிமிர்த்தாமல், அடுத்தது இது, அடுத்தது இது என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு நடந்த கல்யாணம். மற்றதெல்லாம் அவர்களுக்கு நடந்தது.

முதலில் பேச்சை எடுத்தவள் என் மூத்தார் மனைவி, அதாவது மாப்பிள்ளையின் அண்ணன் பெண்டாட்டி. பெண்கள் பந்தியில் உரக்கவே சொன்னாள்.

"குழாய் எங்கே? குழாய் மலை ஏறலீங்களா?"

அதற்குள் மாப்பிள்ளை எழுந்து போய்த் தன் சேக்காளிகளோடு கொட்டகைக்குப் பின்னால் குடித்துவிட்டு வந்திருந்தார். அவர்கள் எல்லாரும் தோட்டத்தில் கூட வேலை பார்த்தவர்கள். பெரிய குழாய் வைத்த பெட்டி வரப்போகிறது என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். இதென்ன, துணி மடித்து வைக்கிற பெட்டியா என்று அவர்கள் கேட்டது எனக்கே கேட்டது. அவருக்கு முகம் சிவந்தது. நேராகப் பாட்டுப் பெட்டிக்காரரிடம் போனார். போய், ஒரு பாட்டின் பெயரைச் சொல்லிப் போடச் சொன்னார். அந்தச் சுடுகாட்டுப் பாட்டு. தோட்டத்தில் குடித்தால் அவர்கள் சேர்ந்து பாடுகிற பாட்டாம்.

"அது இன்னிக்கு வேண்டாமுங்க மாப்ளே," என்றார் பெட்டிக்காரர் மெதுவாக.

"ஏன்? தட்டு இல்லியா?"

"இருக்குதுங்க. தாலி ஏறின வாசல்ல அது வேண்டாமுங்க. பொண்ணும் வேண்டாம்னு சொல்லியிருக்குது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். என்னைக் காப்பதாக நினைத்திருப்பார். ஆனால் அந்தச் சொல் விழுந்ததும் சேக்காளிகள் ஓவென்று சிரித்தார்கள்.

"பொண்ணு சொல்லியிருக்குதா?" என்றார் என் வீட்டுக்காரர். "இது யாரு ஊட்டு வாசல்?"

தகரப் பெட்டியைத் தானே திறந்து, தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகத் தள்ளித் தேடினார். எழுத்துத் தெரியாததால் எதுவென்று தெரியவில்லை. சேக்காளி ஒருவன் படித்துச் சொன்னான். தட்டை எடுத்து வைத்தார். பெட்டிக்காரர் அவர் கையைப் பிடித்து, "சாவி நான் குடுக்கறேனுங்க," என்று கெஞ்சினார். என் வீட்டுக்காரர் அந்தக் கையைத் தட்டிவிட்டு, பெட்டியை ஓட வைக்கிற சாவியைத் தானே திருகினார். நின்ற பிறகும் திருகினார். சத்தம் பெரிதாக வரட்டும் என்று இன்னும் திருகினார். உள்ளே எதுவோ படீரென்று அறுந்தது.

தட்டு ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முள்ளை அதன் மேல் வைத்தார். பெண்டாட்டியை வெட்டப் போகிற ராஜாவின் குரல் ஒரு வரி நன்றாக வந்தது. பிறகு இழுத்து, தடித்து, இறங்கி, கடைசியில் மாடு சாகிற சத்தம் மாதிரி முனகி நின்றது.

ஒரு கிழவி எழுந்து தரையில் துப்பினாள். "தாலி ஏறுன ஊட்டுல எழவு பாடுது," என்றாள்.

என் மாமனார் அப்பாவைக் கூப்பிட்டார். "இதுதான் உங்க ஊட்டுப் பெட்டியா? குழாயில்லாத பெட்டி, அத்துப்போன பெட்டி, அதுல எழவுப் பாட்டு. யாருங்க இதப் பொறுக்குனது?"

நடந்ததை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சாவியைத் திருகியது யார் என்று தெரியாதவர்கள் அந்த வாசலில் இல்லை. அப்பாவும் பார்த்தார். அப்பா இரண்டு கையையும் கூப்பினார்.

"என்ற பொண்ணுதானுங்க பொறுக்குச்சு. தெரியாத புள்ளைங்க. மன்னிச்சுக்குங்க."

அப்பா எனக்குச் செய்தது இது. என் மேல் பாசமில்லாதவர் இல்லை. பெண்ணைக் கொடுத்த வாசலில் அவரால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். யோசித்த ஒவ்வொரு தடவையும் அவர் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்றுதான் முடிகிறது.

பெட்டிக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினார். இரண்டு உடைந்திருந்தன. உடைந்ததையும் சுற்றினார். சுற்றிவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றார். ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். புதுப்பெண் தலை குனிந்திருப்பது வழக்கம்தானே, யாருக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது.

அவருக்குச் சோறு போடவில்லை. சுமை தூக்க வந்த ஆட்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து விலகிக்கொண்டார்கள். கடைசியில் அப்பா தகரப் பெட்டியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். மாமா பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். மகள் கல்யாணத்தன்று, விருந்தில் கை நனைக்காமல், தலையில் சுமையோடு என் அப்பா அந்த வாசலை விட்டுப் போனார். முன்னால் அவர், பின்னால் மாமா, நடுவில் இருமிக்கொண்டே அந்த மனிதர். அம்மா அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். நான் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

சாவியை முறுக்கியது நீங்கள்தான் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு எத்தனை மூச்சு தேவைப்பட்டிருக்கும்? அன்று சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் என்பது வரவே இல்லை.

அந்த வருஷமே மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து என் மாமியார் இறந்துபோனார். காய்ச்சல் அந்த ஊரில் ஏழெட்டு வீட்டில் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுச் சாவுக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. தாலி ஏறிய வாசலில் எழவுப் பாட்டு பாடியதுதான் காரணம். பாடியது பெட்டி. பெட்டியைப் பொறுக்கியது நான். அதற்குப் பிறகு விதைக்கு எந்தச் சாமை நல்லது என்று நான் வாய் திறந்தாலும், எந்த மாட்டை வாங்கலாம் என்று சொன்னாலும், "நீ பொறுக்குனா எப்படி இருக்கும்னு தெரியுமே," என்பார் என் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அடித்ததில்லை. நல்லவர் என்றுதான் ஊரில் பேர். என் மூத்தார் மனைவி சிரிக்காமல் சொல்வாள்.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாமா சொன்னது சரி. எனக்கு எது நன்றாகக் கேட்கிறது என்று பார்த்துத்தான் நான் பொறுக்கினேன். அந்த வாசலில் உட்காரப் போகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது குழாய். கரகரவென்று இரைந்திருந்தாலும், சொல் ஒன்றும் விளங்காமல் போயிருந்தாலும், அந்தப் பித்தளைக் குழாய் வெயிலில் மின்னியிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். சென்ட் பூசிய ஆளுக்கு அது தெரிந்திருந்தது. இதை ஒப்புக்கொள்வது எனக்கு இன்றைக்கும் கசக்கிறது.

சண்டை முடிந்து ஒரு வருஷம் கழித்து அந்த மெலிந்த மனிதரை மறுபடி பார்த்தேன். பேளுக்குறிச்சிச் சந்தையில்தான். என் வீட்டுக்காரர் மிளகு மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். நான் இடுப்பில் குழந்தையோடு உப்பு வாங்கப் போனேன். உப்புக்காரருக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துக் கொட்டைப் பாக்கு விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். இருமலைக் கேட்டுத்தான் திரும்பினேன். இன்னும் மெலிந்திருந்தார். என்னை அவர் உடனே தெரிந்துகொண்டார்.

"நல்லா இருக்கியா கண்ணு? இது உன்ற குழந்தையா?"

"ஆமாங்க." குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். "பெட்டி?"

"ஸ்பிரிங்கு கெடைக்கலியே சாமி. சேலம், திருச்சி எல்லாம் பாத்தாச்சு. சண்டக்காலத்துல எங்கிருந்து வரும்? அப்படியே வித்துட்டேன். தட்டுகளயும் குடுத்துட்டேன், பெட்டி இல்லாம தட்ட வெச்சு என்ன பண்றது."

குழந்தையின் கையில் ஒரு பாக்கை எடுத்துக் கொடுத்தார். பிறகு வாயில் போட்டுவிடும் என்று தானே வாங்கிக்கொண்டார்.

நான் கேட்டேன். "ஏனுங்க, அன்னிக்கு நீங்க ஏன் ஒரு வார்த்த சொல்லல? ஒடைச்சது யாருன்னு சொல்லியிருக்கலாமே?"

"நான் சொல்லீட்டு மலைய வுட்டு எறங்கீருவேன். நீ அந்த ஊட்டுல இருக்கோணுமே." பாக்கை அளைந்துகொண்டே சொன்னார். குரலில் கோபம் இல்லை. "ஆனா நீ சொல்லுவேன்னு நெனச்சேன் கண்ணு. அன்னிக்கு என்ற ஊட்டுல உக்காந்து அது வேண்டாம் இது வேண்டாம்னு அத்தன தெளிவாச் சொன்ன புள்ள. அதனாலதான் சுத்தி வெச்சுட்டுக் கொஞ்சம் நின்னு பாத்தேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று அத்தனை நாளாக நினைத்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரர் வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு அந்த மனிதரை அடையாளம் தெரியவில்லை.

"யாரு? உங்க ஊர்க்காரரா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லீங்க," என்றேன். "யாரோ பாக்கு விக்கறவரு."

அந்த மனிதர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கை பாக்கை அள்ளி அவரிடம் நீட்டினார். "நல்ல கொட்டப் பாக்குங்க. பாருங்க."

என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். புதுப் பாக்கு இல்லை என்று சொல்லிவிட்டுத் திருப்பிப் போட்டார். நாங்கள் நடந்தோம்.

ஏற்றத்தில் பாதி வழியில் குழந்தை தண்ணீருக்கு அழுதது. உப்பை இறக்கி வைத்துவிட்டு, பாறை இடுக்கில் ஓடிய தண்ணீரைக் கையில் பிடித்துக் குடிக்க வைத்தேன். குடித்ததும் அழுகையை நிறுத்திவிட்டது.

"நீ ஏன் அழுவறே?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"வேர்வ கண்ணுல எறங்கீருச்சுங்க," என்றேன்.

நம்பிக்கொண்டு முன்னால் நடந்தார்.